சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

சங்ககிரிப் பக்கம் ராசப்பன் என்று ஒரு லாரி முதலாளி. அவரை எதிர்த்துப் பேசியவன் மறுநாள் வேலையில் இருந்ததில்லை. ஒரு நாள் அவருடைய பெரிய லாரிக்கு பிரேக் ஷூ தேய்ந்துபோனது. புதுசு வாங்க மனசு வராமல், உடைசலாகக் கிடந்த சின்ன லாரியின் ஷூவைக் கழற்றி, ராவி, இதில் மாட்டச் சொன்னார். மாட்டியும் ஆயிற்று.

"அளவு வேறங்க. கம்பி லோடோட தொப்பூர் இறக்கத்துல பிடிக்காதுங்க," என்றான் டிரைவர் செங்கோடன்.

"பிரேக்குன்னா பிரேக்குதான்டா. பூஜையைப் போட்டுட்டுக் கிளம்பு. இல்லேன்னா சாவியை வெச்சுட்டுப் போ."

செங்கோடன் லோடு லாரியை ஷெட் வாசல் சரிவில் ரோட்டைப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். இறங்கி வந்து எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

"நம்ம ஷெட்டு வழக்கப்படி முதலாளி கையாலதானுங்களே சக்கரத்துக்கடியில வைக்கோணும்."

ராசப்பன் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்தான்.

"கட்டையை எடுத்துரட்டுங்களா? இனி வண்டியைப் பிடிக்கறது நீங்க மாட்டச் சொன்ன பிரேக்குதானுங்க."

"எடுக்காதேடா!" என்று அலறி, முதலாளி மல்லாக்க விழுந்தார். கையிலிருந்த பழம் சரிவில் உருண்டோடி, ரோட்டைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது.

அது போன திசையையே பார்த்தான் செங்கோடன். "தொப்பூர்ல கட்டை போட ஆளில்லீங்க முதலாளி."

"புது ஷூ வாங்கியாரச் சொல்றேன்," என்றார் முதலாளி, கிடந்தபடியே. "மொதல்ல அந்தக் கட்டையிலிருந்து கையை எடு, சாமி!"