மாட்டு விலை துண்டுக்குள் போன கதை

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். சந்தைக்குப் போகிறவர்கள் மாட்டிடமே வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்தக் காலில் நோவு, எத்தனை கன்று ஈன்றது என்றும் கேட்கலாம். மாடு ஒளிக்காமல் சொல்லும். மனிதர்களும் விலையை ஊருக்கே கேட்கும்படி வாய்விட்டுத்தான் சொல்வார்கள். வாங்குகிறவன் முகத்தை விற்கிறவன் பார்ப்பான். விற்கிறவன் முகத்தை வாங்குகிறவன் பார்ப்பான். இருவர் முகத்தையும் வேலைவெட்டி இல்லாத ஒரு கூட்டம் சுற்றி நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

அப்போது மேட்டாங்காட்டில் நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு வெங்காயக் காடு, ஒரு கிணறு, எட்டு வெள்ளாடு, கவலை இறைக்க ஒரு ஜோடிக் காளை. கவலை என்பது கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விடுகிற பெரிய தோல்பை. காளைகள் சரிவில் இறங்கினால் பை தண்ணீரோடு மேலே வரும். அவை அப்படியே பின்னால் நடந்து மேடேறினால் பை மறுபடியும் கிணற்றுக்குள் போகும். இறங்குவதை எந்த மாடும் செய்துவிடும். பின்னால் நடப்பதுதான் வித்தை, ஏனென்றால் கால் எங்கே படுகிறது என்று மாட்டுக்குத் தெரியாது. பக்கத்தில் நடக்கிற ஜோடியை நம்பித்தான் அது கால் வைக்க வேண்டும்.

நாச்சாயியின் ஜோடியில் மூத்தவன் பெயர் ஒத்தைக்கொம்பன். கிணற்று மேட்டில் ஒருமுறை சறுக்கி விழுந்ததில் ஒரு கொம்பு போய்விட்டது, முன்னங்காலிலும் ஒரு நொண்டல் வந்துவிட்டது. இளையவன் மயிலை. நல்ல பலசாலி, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

அவள் புருஷன் இறந்ததும் கொழுந்தன் பங்கு கேட்டு வந்து நின்றான். காட்டில் பாதி என்றான், கொடுத்தார்கள். மாட்டிலும் பாதி என்றான். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுத் துப்பி, ரொம்ப நேரம் யோசித்து, ஆளுக்கு ஒரு காளை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிரித்தால் இரண்டுமே வீண் என்பது அவர்களில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. கொழுந்தன் ஒத்தைக்கொம்பனைக் கையோடு ஓட்டிப் போய், மாட்டு வியாபாரி சென்னியப்பனிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு மயிலை வேலைக்கு உதவவில்லை. நாச்சாயி பக்கத்துக் காட்டுக் காளையை இரவல் வாங்கி அவனோடு பூட்டிப் பார்த்தாள். சரிவில் இறங்கினான். பின்னால் ஏறச் சொன்னால் நின்றுவிட்டான். தட்டிக்கொடுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள்.

"பின்னால போனா உளுந்துருவேன் ஆத்தா. அண்ணன் பக்கத்துல இல்லாம எனக்குக் கால் வெக்க வரமாட்டேங்குது" என்றான் மயிலை.

கிணற்றில் தண்ணீர் கிடந்தது, காட்டில் வெங்காயத் தாள் மஞ்சள் பூத்து மடங்கியது. அந்த வெங்காயம் போனால் வருஷத்துச் சோறு போச்சு. ஒத்தைக்கொம்பனைத் திருப்பி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று நாச்சாயி முடிவு கட்டினாள். அந்தக் கிழட்டு மாட்டுக்கு இரண்டு ஆடு என்பதே தாராளமான விலை. இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள். நானும் வருவேன் என்று மயிலை அடம்பிடித்தான். அங்கே வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள். பேசவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது.

சந்தையில் மாடு வாங்க ஒரு முறை இருந்தது. வேண்டிய மாட்டை நேராகப் போய்ப் பார்க்கக் கூடாது. வேண்டாத மாடுகளை எல்லாம் பல் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். கடைசியில் போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். நாச்சாயி ஒன்றும் குறைவைக்கவில்லை. சென்னியப்பன் கட்டியிருந்த மாடுகளில் ஒவ்வொன்றையும் குறை சொல்லி முடித்துவிட்டுத்தான், இந்த நொண்டி மாட்டுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

சென்னியப்பனுக்கு அந்த மாட்டுக்குத் தீனி போட்டே சலித்திருந்தது. இரண்டு ஆட்டைக் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போங்கள் என்றான். அவள் நினைத்து வந்த அதே விலை. ஆனால் கேட்ட விலைக்கு உடனே தலையாட்டுகிறவர்கள் அந்தச் சந்தையில் கிடையாது. தலையாட்டினால் சந்தேகம் வந்துவிடும். ஒரு ஆடும் ஒரு குட்டியும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பின்னால் நின்ற மயிலைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா" என்று அலறினான். "நாங்க வந்துட்டோம் அண்ணா. நீயில்லாம ஆத்தா காடே காயுது."

ஒத்தைக்கொம்பன் நிமிர்ந்து பார்த்தான். கயிறு இழுபட இழுபட ஓரடி முன்னால் வந்தான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. நாச்சாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் காலம் கடந்துவிட்டது. சென்னியப்பன் பார்த்துவிட்டான்.

இரண்டு ஆடு என்று தான் சொல்லவே இல்லை என்றான் அவன். நாலு என்றுதான் சொன்னானாம், அவள் காதில் சரியாக விழவில்லையாம். சுற்றி நின்ற கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. வெட்கங்கெட்ட கூட்டம்! அவர்களுக்கு இதில் காலணா ஆதாயம் இல்லை, வேடிக்கை நீளவேண்டும், அவ்வளவுதான். நாச்சாயி நாலுக்குச் சம்மதித்தாள். அவள் சம்மதித்த வேகத்தைப் பார்த்துவிட்டு ஆறு என்றான். அவள் எச்சில் விழுங்கினாள். அதையும் பார்த்தான். பட்டியில் மொத்தம் எத்தனை ஆடு நிற்கிறது என்று சாவகாசமாக விசாரித்தான்.

ஒத்தைக்கொம்பனுக்கே பொறுக்கவில்லை. தன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினான், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான், இன்னும் இரண்டு கோடை தாண்டினாலே பெரிசு, கொடுக்காதே ஆத்தா, போய்விடு என்றான். சென்னியப்பன் அதற்கும் மசியவில்லை. பாருங்கள், பொய் பேசாத மாடு, இந்தக் குணத்துக்கே இன்னும் இரண்டு ஆடு தரலாம் என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. கடைசியில் எட்டு ஆடும், காட்டில் நிற்கிற வெங்காயத்தில் பாதியும் என்று வந்து நின்றது.

நாச்சாயி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏனுங்க, மாடு அங்க நிக்குது. நீங்க என்ற மூஞ்சியவே பாத்துட்டு வெல சொல்றீங்களே, என்ற மூஞ்சில அப்பிடி என்னங்க எழுதியிருக்குது?"

"வேணும்னு எழுதியிருக்குது அம்மணி" என்றான் சென்னியப்பன். "வேணுங்கறவங்க குடுக்கத்தானே வேணும்?"

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? இரண்டு ஆட்டை அங்கேயே விட்டாள். மீதி ஆறையும் பொழுது சாய்வதற்குள் அவனுடைய ஆள் வந்து பட்டியைத் திறந்து ஓட்டிக்கொண்டு போனான். அறுப்பில் பாதியும் அவனுக்கே என்று கூட்டத்தின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு, காளை இரண்டையும் பிடித்துக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள்.

வழியெல்லாம் ஒத்தைக்கொம்பன் புலம்பிக்கொண்டே வந்தான். தன்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னான். மயிலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன் நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்றான். நாச்சாயி நின்றாள்.

"உன்ற வெல எனக்குத் தெரியாதா?" என்றாள் ஒத்தைக்கொம்பனிடம். "தெரிஞ்சுதான் குடுத்தேன். ரெண்டு ஆட்டு மாட்டுக்கு எட்டு ஆடு குடுத்தா அது என்ற இஷ்டம். நீ எனக்கு வேணும், குடுத்தேன், அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா அந்தாளு நான் எச்சில் முழுங்கறதப் பாத்துப் பாத்து ஏத்துனான் பாரு, அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. ஆசப்பட்டது ஒரு தப்பா? அதுக்கு அவனுக்கு ஏன் தண்டம் கட்டோணும்?"

மறுநாள் விடிந்ததும் ஜோடி பூட்டினாள். மயிலை பின்னால் நடந்து மேடேறினான், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெங்காயம் பிழைத்தது. ஆனால் வெறும் பட்டியைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் நாச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளைகளும் சும்மா இருக்கவில்லை. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் அக்கம்பக்கத்து மாடுகளிடம் நடந்ததைச் சொல்லின. அவை தங்களோடு மேய வந்த வேற்றூர் மாடுகளிடம் சொல்லின. நம் வாயால் அல்லவா அந்த அம்மாள் பட்டி காலியானது என்று ஒவ்வொரு மாடும் கொதித்தது.

சந்தையிலோ சென்னியப்பன் பெரிய கெட்டிக்காரன் ஆகிவிட்டான். மற்ற வியாபாரிகளும் அவனிடம் பாடம் கேட்டுக்கொண்டு முகம் பார்க்கத் தொடங்கினார்கள். வாங்க வருகிறவரைப் பார்த்து நாலு வார்த்தை பாசமாகப் பேசச் சொல்லி மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவார்களாம். இது வியாபாரமா? இதற்கு வழிப்பறி தேவலை. வழிப்பறிக்காரன் மடியில் இருப்பதைத்தான் பிடுங்குவான், மனசில் இருப்பதைத் துழாவமாட்டான்.

சில வாரம் கழித்து நாச்சாயி மறுபடியும் சந்தைக்குப் போனாள். வாங்க ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை. கோபம் இருந்தது, கிளம்பிவிட்டாள்.

அங்கே சென்னியப்பன் முன்னால் நல்லணன் என்கிற குயவன் நின்றுகொண்டிருந்தான். தோளில் கட்டிய தூளியில் ஒரு பச்சைக் குழந்தை. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து மூடியது. பால்மாடு ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சென்னியப்பன் மாட்டைப் பார்க்கவில்லை. தூளியைப் பார்த்தான், நல்லணன் முகத்தைப் பார்த்தான், மீசையைத் தடவிக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

நாச்சாயிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை ஒரே இழுப்பில் உருவினாள். அவன் கையைப் பிடித்து நல்லணன் கைமேல் வைத்து, இரண்டு கைக்கும் மேலே அந்தத் துண்டைப் போட்டு மூடினாள். நல்லணன் மோவாயைப் பிடித்து, முகத்தைத் தூரத்துக் கரட்டுக் குன்றைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

"வெல சொல்ல வாயும் வேண்டாம், மூஞ்சியும் வேண்டாம்" என்றாள். "எத்தனை வெரலப் புடிக்கறீங்களோ அத்தனை ஆடு. மாட்டப் பாத்துச் சொல்லுங்க."

இதென்ன கூத்து என்று சென்னியப்பன் சிரித்தான். பக்கத்தில் கட்டியிருந்த பசுவிடம் திரும்பி, இந்தக் குழந்தையைப் பார்த்து நீயே ஒரு வார்த்தை சொல்லு என்றான். பசு குழந்தையைப் பார்த்தது. அதன் மடியிலிருந்து பால் சொட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, அசைபோட்டுக்கொண்டு நின்றது. அவன் அடுத்த மாட்டைக் கேட்டான், அதற்கடுத்த மாட்டையும் கேட்டான். தார்க்குச்சியால் குத்தியும் பார்த்தான். சந்தையில் நின்ற அத்தனை மாடுகளும் வாயை இறுக மூடிக்கொண்டன. அவ்வளவு பெரிய சந்தையில் ஒரு மாட்டின் பேச்சுக்கூட இல்லை. கூட்டத்துக்கும் முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

சென்னியப்பன் துண்டுக்குள் நல்லணனின் ஐந்து விரலையும் பிடித்தான். நல்லணன் கரட்டைப் பார்த்தபடியே இரண்டை மட்டும் நீட்டி மற்றதை மடக்கினான். முகம் தெரியவில்லை, மாடு பேசவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கூட்டத்துக்கும் தெரியவில்லை, அதனால் ஏற்றிவிடவும் ஆளில்லை. இறங்கி வந்தால் கேலி செய்யவும் ஆளில்லை. சென்னியப்பன் பசுவைத் திரும்பிப் பார்த்தான், அதுவும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தான். மூன்று விரலில் விலை முடிந்தது. அது அந்தப் பசுவுக்குச் சரியான விலை. நல்லணன் அங்கேயே உட்கார்ந்து பால் கறந்து, துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தான்.

நாச்சாயிக்கு அவளுடைய எட்டு ஆடுகள் திரும்பக் கிடைக்கவில்லை. பாதி வெங்காயத்தையும் அறுப்பன்றைக்குச் சென்னியப்பன் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனான். ஒத்தைக்கொம்பன் தான் சொன்ன மாதிரியே இரண்டு கோடைதான் இருந்தான். அவனுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று நாச்சாயி ஒருநாளும் சொன்னதில்லை. சென்னியப்பனை மன்னித்தேன் என்றும் அவள் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அன்று முதல்தான் மாட்டுச் சந்தையில் விலையைத் துண்டு போட்டு மூடி, விரலைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி பேசுகிறார்கள். மாடுகளும் அன்று மூடிய வாயை, உயிருக்கு உயிரானவர்களே எதிரில் வந்து நின்றாலும், பேசுவதற்காகத் திறப்பதில்லை.