பூனையைப் பூட்டி வைத்த கரடி

குளக்கரைப் பாறைக் குகையில் வீரபாகு என்ற கரடி வாழ்ந்தது. அதோடு மினுக்கி என்ற பூனையும் வாழ்ந்தது.

குளத்தின் எதிர்க்கரையில் உயரமான ஓர் இலவமரம். அதன் உச்சியில் ராஜாளி ஒன்று குடியிருந்தது. மினுக்கியின் தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் அதுதான் தூக்கிக்கொண்டு போனது. மிச்சமிருந்த ஒரே குட்டியைப் புதருக்குள்ளிருந்து எடுத்து வந்து வளர்த்தது கரடி. அதனால் மினுக்கி வெளியே போகவே கூடாது என்பது அந்தக் குகையின் சட்டம். வீரபாகு மீன் பிடிக்கக் கிளம்பும்போது வாசலில் மூங்கில் படலைச் சாத்தி, கொடியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் போகும்.

இதுவரை தப்பில்லை. ராஜாளி பொல்லாதது. கதவு தேவைதான்.

ஆனால் கதவைக் கட்டியதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று வீரபாகு நினைத்துக்கொண்டது.

"என் பூனையைப் போல வசதியாக வாழும் பூனை இந்தக் காட்டிலேயே கிடையாது! இலவம்பஞ்சு மெத்தை! முள் எடுத்த மீன்! தண்ணீர் குடிக்கக்கூட அது எழுந்திருக்க வேண்டாம், மூக்குக்கு நேரே வைத்திருக்கிறேன்!" என்று குளத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளும். "அறிவோ அபாரம்! என் நடையைப் பார்த்தே எனக்குப் பசியா, கோபமா என்று சொல்லிவிடும்!"

"அவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு பகலெல்லாம் என்ன செய்கிறது?" என்று கேட்டது ஒரு தவளை.

"தூங்குகிறது!" என்றது கரடி பெருமையாக.

மினுக்கியும் முதலில் தூங்கித்தான் பார்த்தது. தூக்கம் தீர்ந்துபோனது. பிறகு சுவரில் ஊர்ந்த எறும்புகளுக்குப் பெயர் வைத்தது. பெயர்களும் தீர்ந்துபோயின. அப்புறம் மெத்தையைக் கிழித்துப் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டது. தேன் வைத்திருந்த சுரைக்குடுக்கையை உருட்டியது. மதியத் தூக்கத்தில் குறட்டை விட்ட வீரபாகுவின் மூக்குக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தது.

"எல்லாம் தின்ற கொழுப்பு!" என்று கத்தியது கரடி.

ஒருநாள் படலைக் கட்டியிருந்த கொடியின் மேல் மினுக்கியின் கண் விழுந்தது. அட, முடிச்சு! பல்லால் இழுத்துப் பார்த்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தது. தலையைச் சாய்த்து யோசித்தது. கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. படல் திறந்துகொண்டது.

மினுக்கி வெளியே ஓடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, அவிழ்ந்த கொடியை ஆசை ஆசையாகப் பார்த்தது. அன்றைக்கு அது மீனை மிச்சம் வைக்காமல் தின்றது. சேட்டை எதுவும் செய்யாமல் சுருண்டு படுத்துத் தூங்கியது.

இதெல்லாம் வீரபாகுவின் கண்ணில் படவில்லை. திறந்த படல் மட்டும் நன்றாகப் பட்டது.

"ஓடவா பார்க்கிறாய், நன்றி கெட்டவளே!" என்று கத்திக்கொண்டே இரட்டை முடிச்சுப் போட்டது. மறுநாள் மினுக்கி இரட்டை முடிச்சை அவிழ்த்தது. கரடி முள்கொடியால் கட்டியது. பூனை முட்களைக் கடித்துத் துப்பிவிட்டு அதையும் அவிழ்த்தது. கரடி நாளுக்கு நாள் கடினமாகக் கட்டியது. பூனை நாளுக்கு நாள் குஷியாக அவிழ்த்தது. தினமும் ஒரு புதிய புதிர் போட்டுப் பூனைக்கு விளையாட்டுக் காட்டுவது தானேதான் என்பது மட்டும் அந்தக் கரடியின் மண்டையில் ஏறவில்லை.

பொறுமை இழந்த வீரபாகு குளக்கரையில் கூட்டம் கூட்டியது.

"அன்பர்களே, என் பூனைக்குப் புத்தி கெட்டுவிட்டது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்!"

எருமை சேற்றிலிருந்து தலையைத் தூக்கியது. "இன்னும் நிறையத் தின்னக் கொடு. வயிறு முட்டினால் யோசனையே வராது. என்னைப் பார்! நான் எதையாவது யோசித்து நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லவே இல்லை!" என்று எல்லா மிருகங்களும் ஒரே குரலில் சொல்லின. எருமைக்கு ரொம்பத் திருப்தி.

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி, கண்ணைத் திறக்காமலே பேசியது. "மனத்தை அடக்கக் கற்றுக்கொடுங்கள். பூனையும் என்னைப் போல அசையாமல் நிற்கட்டும். ஆசையே..." அந்த நேரம் பார்த்து ஒரு கெண்டை துள்ளியது. லபக்! விழுங்கிவிட்டுக் கொக்கு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. "ஆசையே கூடாது."

கடைசியாக நரி எழுந்தது. குனிந்து ஒரு கும்பிடு போட்டது.

"ஐயா, குற்றம் பூனை மேல் இல்லை, படல் மேல்தான். மூங்கிலும் கொடியும் சாமானியர்களுக்கு. உங்கள் அந்தஸ்துக்கு வாசலில் ஒரு பாறாங்கல் அல்லவா இருக்க வேண்டும்! நீங்கள் இல்லாத நேரத்தில் நான் வந்து காவல் பார்த்துக்கொள்கிறேன்."

அந்தஸ்து என்ற சொல் காதில் விழுந்ததுமே கரடி உச்சி குளிர்ந்துபோனது. "பேசினால் நரியாரைப் போலப் பேச வேண்டும்!" என்று மெச்சியது.

கூட்டம் கலைந்ததும் நரி நேராக இலவமரத்துக்குப் போனது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தது.

"ராஜாளியாரே! அந்தப் பூனையை உங்கள் மரத்தடிக்கு நானே வரவழைக்கிறேன். பூனை உங்களுக்கு. குகையில் இருக்கும் தேனும் கருவாடும் எனக்கு. சம்மதமா?"

"சம்மதம்!" என்றது ராஜாளி. அலகைக் கிளையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டது.

வீரபாகு பெரிய பாறாங்கல் ஒன்றை வாசலுக்கு உருட்டி வந்தது. வாசல் குளத்தைப் பார்த்துச் சரிந்திருந்ததால், கல் உருண்டுவிடாமல் அடியில் ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்தது. இப்போது அவிழ்க்க முடிச்சே இல்லை. ஓரத்தில் ஒரு சின்ன இடுக்கைத் தவிர வெளிச்சமும் இல்லை.

மினுக்கியின் சேட்டை நின்றது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தது. நக்கி நக்கி அங்கே முடி உதிர்ந்து தோல் தெரிந்தது.

"பார்த்தீர்களா! பூனை எவ்வளவு சாதுவாகிவிட்டது!" என்று குளத்தில் போய் மார்தட்டியது வீரபாகு.

அது அந்தப் பக்கம் போனதும் நரி இந்தப் பக்கம் வந்து, இடுக்கில் வாயை வைத்தது.

"மினுக்கி! பாவம், எப்படி இளைத்துவிட்டாய்!"

"நரியாரே, என் மேல் உமக்கு என்ன திடீர்ப் பாசம்?"

"பாசமெல்லாம் ஒன்றுமில்லை. இலவமரத்தடியில் குரங்குகள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. யாராலும் அவிழ்க்க முடியவில்லையாம். உன்னாலும் முடியாது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்."

நரி பொய்க்காரன் என்று மினுக்கிக்குத் தெரியும். இலவமரத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கும். ஆனால் பசியில் காய்ந்தவர்கள் ஊசிப்போன சோற்றையும் அள்ளித் தின்பதுபோல, வேலையில்லாமல் காய்ந்து கிடந்த அதன் புத்தி நரியின் பொய்யை அள்ளித் தின்றது.

"எந்த மாதிரி முடிச்சு?" என்று கேட்டது.

அந்தக் கேள்வியிலேயே நரி ஜெயித்துவிட்டது.

மினுக்கி இடுக்கு வழியாகக் கையை நீட்டியது. முட்டுக்கல்லுக்கு அடியில் இருந்த மண்ணைப் பறித்தது. விடாமல் பறித்தது. முட்டுக்கல் ஆடியது. பாறாங்கல் லேசாக முனகியது. அப்புறம் கிளம்பியது பாருங்கள்!

தடதடவென்று சரிவில் உருண்டு குளத்துக்குள் பாய்ந்தது. ஒற்றைக் காலில் நின்ற கொக்கு, மன அடக்கத்தையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அலறிக்கொண்டு பறந்தது. எதிர்க்கரைச் சேற்றில் கிடந்த எருமையின் மேல் தண்ணீர் வந்து அறைந்தது. "மழையா?" என்று கேட்டுவிட்டு எருமை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. மீன் பிடித்துக்கொண்டிருந்த வீரபாகு, மிதந்து அடங்கிய குமிழிகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தது.

"எங்கள் வீட்டுக் கதவு மாதிரி இருந்ததே?"

அதற்குள் மினுக்கி கரையைச் சுற்றி ஓடி இலவமரத்தடியை அடைந்துவிட்டது. முடிச்சைத் தேடியது. வேரடியில் தேடியது. விழுதுபோல் தொங்கிய கொடிகளில் தேடியது. முடிச்சு இல்லை. எலும்புகள் இருந்தன. காய்ந்த முடிக் கற்றை ஒன்று கிடந்தது. அதன் நிறமும் மினுக்கியின் நிறமும் ஒன்றாக இருந்தன.

மினுக்கிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நொடி தரையில் ஒரு நிழல் விரிந்தது.

பாய்ந்து விலகியது மினுக்கி. ஆனாலும் ராஜாளியின் நகம் ஒரு காதைப் பற்றிவிட்டது. உதறியது. காதின் பாதி நகத்தோடு போனது. ரத்தம் வழிய வழிய மினுக்கி கரையை நோக்கி ஓடியது. எங்கேயும் ஒளிய இடமில்லை. சேற்றில் எருமை மட்டும் மலைபோல் கிடந்தது. அதன் வயிற்றுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பொந்துக்குள் பூனை நுழைந்தது. பின்னால் பாய்ந்து வந்த ராஜாளியால் வேகத்தை அடக்க முடியவில்லை. எருமையின் கொம்பில் போய் மோதியது! இறகுகள் சிதறின.

"கொசுத் தொல்லை!" என்று காதை ஆட்டியது எருமை.

"மினுக்கி!" என்று உறுமிக்கொண்டு, குளத்தை நீந்திக் கரையேறி ஓடி வந்தது வீரபாகு. அதன் உறுமலைக் கேட்டதும் ராஜாளி தட்டுத்தடுமாறி மர உச்சிக்குப் பறந்தது. கரடி பூனையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டது. 

குகைக்குத் திரும்பினால், உள்ளே நரி! வாயில் கருவாடு, முகமெல்லாம் தேன்.

"காவல் பார்க்க வந்தேன் ஐயா!" என்றது நரி, வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டே.

வீரபாகு ஓர் அறைதான் விட்டது. நரி சரிவில் உருண்டு குளத்தில் விழுந்தது. கரையேறினால், மர உச்சியிலிருந்து ராஜாளியின் வசவு. "பூனை என்று சொல்லி எருமையைக் காட்டினாயே, அயோக்கியனே! கையில் கிடைத்தால் கிழித்துவிடுவேன்!" நரி அன்றைக்கே அந்தக் காட்டை விட்டு ஓடியது.

வீரபாகு மினுக்கியின் காதில் பச்சிலை வைத்துக் கட்டியது. பயம் தெளிந்ததும் கரடிக்குக் கோபம் வந்தது.

"உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? மெத்தை இல்லையா? மீன் இல்லையா? எல்லாவற்றையும் வாய்க்கே கொண்டுவந்து கொடுத்தேனே!"

"அதுதான் மாமா குறை! நான் செய்வதற்கு நீங்கள் ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை."

"வேலையா? பூனைக்கு என்ன வேலை வேண்டிக்கிடக்கிறது?"

"தேட வேண்டும். துரத்த வேண்டும். ஏற வேண்டும். எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே போகத்தான் வேண்டும் என்று நான் கேட்டேனா? படல் திறந்து கிடந்த நாளெல்லாம் வாசலைத் தாண்டினேனா? முடிச்சுதான் மாமா எனக்கு வேண்டியிருந்தது!"

பச்சிலைக் கட்டைச் சரிசெய்துகொண்டே வீரபாகு கேட்டது: 

"இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எருமையைக் கேட்டீர்கள். கொக்கைக் கேட்டீர்கள். நரியைக்கூடக் கேட்டீர்கள். பக்கத்தில் படுத்திருந்த என்னை ஒரு நாளாவது கேட்டீர்களா?"

 கரடி எழுந்து மூங்கில் வெட்டப் போனது.

முதலில் வாசலுக்குப் புதிய படல் வந்தது, பழையதைவிடக் கெட்டியாக. ராஜாளி இன்னும் மரத்தில்தானே இருக்கிறது! ஆனால் இந்த முறை வீரபாகு அதோடு நிறுத்தவில்லை. பாறையில் இருந்த ஓட்டையைப் பெரிதாக்கி, நெருக்கமாக மூங்கில் கம்பிகள் வைத்து ஒரு ஜன்னல் செய்தது. மினுக்கி அதன் உள்விளிம்பில் உட்கார்ந்து மீன்கொத்திகளைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். ராஜாளியைப் பார்த்தால் நாக்கை நீட்டும். சொரசொரப்பான ஒரு மரக்கிளையைக் குகைக்குள் சாய்த்து வைத்தது கரடி. பூனை அதில் ஏறியது, நகம் தீட்டியது, உச்சியில் படுத்துக் கரடியின் வழுக்கையை ஆராய்ந்தது. தட்டில் மீன் வைப்பது நின்றது. துளை போட்ட மூங்கில் குழாய்க்குள் ஒரு துண்டு, பாறை இடுக்கில் ஒரு துண்டு, மெத்தைக்கு அடியில் ஒரு துண்டு என்று ஒளித்து வைத்தது. எங்கே ஒளித்தோம் என்று கரடிக்கே மறந்துபோகும். மினுக்கிக்கு மறக்காது.

மாலையானால் இன்னொரு வேலை. கோரைப்புல்லைக் கொத்தாகக் கட்டி, ஒரு கொடியில் தொங்கவிட்டு, வீரபாகு குகைக்குள் தொப்பை குலுங்க ஓட வேண்டும். மினுக்கி பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும். கடைசியில் பிடிக்க விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும்.

"இந்த வயதில் எனக்கு இது தேவையா?" என்று மூச்சு வாங்கும் கரடி.

"இன்னும் ஒரு சுற்று, மாமா!" என்று வாலை ஆட்டும் பூனை.

கரடி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சுற்று ஓடும். அந்தக் குகையில் அப்புறம் பஞ்சு பறக்கவில்லை, மினுக்கியின் முன்னங்காலில் முடியும் வளர்ந்தது.

புத்தியுள்ள ஒன்றைப் பத்திரமாக வளர்க்க நினைப்பவர்கள் கதவை அடைத்தால் மட்டும் போதாது, அதன் புத்திக்கும் தினமும் தீனி போட வேண்டும்.