தீ என்று கத்திய குற்றம்

எலிசெந்தாவுக்கு வயது ஏழு. வகுப்பில் கணப்புச் சட்டியிலிருந்து தெறித்த கங்கு திரைச்சீலையைப் பற்றிக்கொண்டதை அவள்தான் முதலில் பார்த்தாள், கத்தினாள். முப்பது பிள்ளைகள் பிழைத்தார்கள். அதற்குப் பரிசாக அவள் கழுத்தில் மரவளையம் மாட்டும்படி உத்தரவு வந்தது. ஏனென்றால் அவள் கத்தியது தன் தாய்மொழியான காட்டலானில். பள்ளியில் மன்னரின் காஸ்டிலியன் மொழிதான் பேச வேண்டும். உயிர் போகிற நேரத்தில் மொழிபெயர்த்துக் கத்தத் தெரியாதது அவள் தப்பாம்.

வளையத்தின் மகிமையையும் கேளுங்கள். காட்டலான் பேசிய பிள்ளை அதை மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு பிள்ளை பேசியதைக் காட்டிக்கொடுத்தால் அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். பள்ளி விடும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஐந்து பிரம்படி. கோள்மூட்டப் பழக்குவதற்கு அந்த நாட்டில் கல்வி என்று பெயர்.

ஆசிரியை ரெமெய் மாட்ட மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியானால் பள்ளியை இழுத்து மூடு என்றார்கள் அதிகாரிகள். அவள் மனு எழுதி, அந்த வளையத்தையும் சேர்த்துக் கட்டி, மன்னருக்கே அனுப்பிவிட்டாள்.

அவையில் மனுக்களைப் படித்துக் காட்டுவது கித்தேரியாவின் வேலை. படிக்கப் படிக்க அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் குரலில் காட்டவில்லை. கோபப்படும் பெண்ணை உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுகிற அவை அது.

கல்வி அமைச்சர் பால்தசார் தொண்டையைச் செருமிக்கொண்டு சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார். மன்னரின் தாத்தா காட்டலானை நீதிமன்றத்திலிருந்து விரட்டினாராம். அதையும் யாருக்கும் உறைக்காதபடி, காதும் காதும் வைத்தாற்போல் செய்யச் சொன்னாராம். அப்பா, பாடமெல்லாம் காஸ்டிலியனில்தான் என்று சட்டம் போட்டாராம். இரண்டும் பலிக்கவில்லை. காரணம், ஓட்டைகள். மூன்றாவதாக வந்தது இந்த அமைச்சரே கைப்பட எழுதிய சட்டம். எறும்புகூட நுழைய முடியாதாம். ஒப்பித்தும் காட்டினார்:

"பள்ளியிலோ, பள்ளி வழக்கு நடக்கும் இடத்திலோ, எவர் வாயிலிருந்தும், எக்காரணம் கொண்டும் ஒரு காட்டலான் சொல்லும் வரக் கூடாது. வந்தால் வளையம்."

கித்தேரியா மெதுவாகக் கேட்டாள். "அரசே, அந்தச் சொல் என்னவென்று மனுவில் இல்லை. அது தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஒருவேளை அவள் கத்தியது நம் மொழியாகவே இருந்தால்?"

அதுவும் சரிதானே என்று மன்னர் அமைச்சரைப் பார்த்தார்.

பால்தசாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இதில் சந்தேகம் வேறா? 'ஃபோக்' என்று கத்தியிருக்கிறாள். தீக்கு நம் மொழியில் 'ஃபுவேகோ' என்றல்லவா சொல்ல வேண்டும்?"

கித்தேரியா வளையத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, கொஞ்சம் குனியுங்கள். எனக்கு எட்டவில்லை."

"என்ன விளையாட்டு இது? நான் சாட்சிக்காகச் சொன்னேன்."

"அவள் முப்பது உயிருக்காகச் சொன்னாள். அதையே நீங்கள் ஏற்கவில்லை. 'எக்காரணம் கொண்டும்' என்று எழுதியது நானா?"

மன்னர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் சட்டம்தான், குனியுங்கள் என்றார். வளையம் ஏறியது. எலிசெந்தா மேலிருந்த வழக்கு தள்ளுபடி. ரெமெயின் பள்ளியை யாரும் தொடக் கூடாது என்று அங்கேயே முத்திரை குத்தினார்.

பால்தசார் விடுவாரா? வளையம் தொங்கத் தொங்க, நாளைக்கே நான்காவது சட்டம் எழுதுகிறேன், இதைவிடக் கடுமையாக எழுதுகிறேன் என்று பல்லைக் கடித்தார்.

"தாராளமாக எழுதுங்கள் ஐயா," என்றாள் கித்தேரியா. "எலிசெந்தா காட்டலான் பேச வேண்டும் என்று இதுவரை எந்த மன்னரும் ஒரு வரி எழுதியதில்லை. இருந்தும் பேசுகிறாள். நம் காஸ்டிலியனை அவள் வாயில் ஏற்ற மூன்று தலைமுறையாகச் சட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறோம். உங்கள் மொழி ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அதற்கு ஒரு பதிலையும் அந்தச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்."