நாற்பத்தேழு வசதிகள்

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது. பெயர் சிந்துஜா. கோவையில் மென்பொருள்களுக்கு விற்பனை விவரம் எழுதிக் கொடுப்பவள். "குருவே" என்று அவர் கூப்பிட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்காக அவர் நிறுத்தவில்லை.

இரண்டு வருடம் ராப்பகலாக உட்கார்ந்து அவர் ஒரு செருகுநிரல் செய்திருந்தார். ஆன்லைன் கடைகளில் பொருத்திக்கொள்கிற சின்ன மென்பொருள். மாதக் கடைசிக்குள் பத்துக் கடைகளாவது அதைப் பொருத்தாவிட்டால், விற்பனைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். இதுவரை பொருத்தியவை மூன்று. அதில் இரண்டு அவருடைய மைத்துனர் கடைகள்.

"விவரம் எப்படி எழுதோணும் குருவே?"

"எழுதி வெச்சிருக்கறதப் படிங்கண்ணா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதிநவீனத் தொழில்நுட்பம். அஞ்சல் குறியீட்டின் அடிப்படையில் துல்லியமான விநியோகக் கால மதிப்பீடு. நாற்பத்தேழு வசதிகள்..."

"இது யாருக்குங்ணா?"

"எல்லார்த்துக்கும்தான்."

சிந்துஜா போனை எடுத்தாள். தெய்வானையக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அக்கா திருப்பூரில் முறுக்குச் சுட்டு ஆன்லைனில் விற்பவர்.

"அக்கா, ஒருத்தர் ஒண்ணு படிப்பாரு. சித்த கேளுங்க."

நாச்சிமுத்து முதலிலிருந்து படித்தார். ஆறாவது வசதியில் அக்கா குறுக்கிட்டார்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குங்க. எனக்கெதுக்கு? இருங்க, இன்னொரு போன் வருது."

இருவரும் காத்திருந்தார்கள். அக்கா திரும்பி வந்தார். குரலில் சலிப்பு.

"முறுக்கு எப்ப வரும்னு கேக்கறாங்க. காலையிலிருந்து பதினேழாவது ஆளு. போனெல்லாம் ஒரே மாவு."

நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அக்கா, அதுக்குத்தாங்க இது! ஆர்டர் போடறவங்க பின்கோடைப் போட்டா, எந்தத் தேதிக்கு வரும்னு கடையிலயே காட்டிரும். உங்களக் கூப்பிடவே மாட்டாங்க."

"அத ஏனுங்க இத்தன நேரமாச் சொல்லல?"

நாச்சிமுத்து குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றே அவர் எல்லாவற்றையும் அழித்தார். "'எப்ப வரும்?' என்று கேட்டு ஓயாமல் போன் வருகிறதா? பொருள் சேரும் தேதியை இனி உங்கள் கடையே சொல்லிவிடும்." இவ்வளவுதான் எழுதினார். தெய்வானையக்கா கடையிலும் பொருத்திக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் பதினோரு கடைகள் சேர்ந்திருந்தன. செருகுநிரல் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் குருவிடம் வந்தவர் முகம் தெளியவில்லை.

"என்னங்ணா?"

"ரெண்டு வருசம் குருவே. நாப்பத்தேழு வசதி. ஒவ்வொண்ணுக்கும் எத்தன நாள் தூங்காமக் கெடந்தேன். இந்த ரெண்டு வரில அது எங்கயுமே இல்லயே. யாருக்குத் தெரியும்?"

சிந்துஜாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நேத்து தெய்வானையக்கா கூப்பிட்டாங்க" என்றாள்.

"ஏன்? எதாவது கோளாறா?"

"ஒரு மணி நேரமா யாருமே கூப்பிடலயாம். போன் கெட்டுப்போச்சோன்னு எனக்கு அடிச்சுப் பாத்தாங்க."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார்.

"உங்க ரெண்டு வருசம் அந்த ஒரு மணி நேரத்துல இருக்குதுங்ணா."