பானகமும் பச்சைத் தண்ணீரும்

சத்தியம், சத்தியம், மும்முறை சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இப்போதே உதிரட்டும்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்து மடமொன்றில் பொன்னம்பலச் சாமி இருந்தார். ஐம்பது வயதுக்காரர். அவர் சிரித்தால் தொழுவத்துப் பசு விடிந்துவிட்டதென்று எழுந்து நிற்கும். அப்படியொரு வெள்ளைப் பல்வரிசை.

சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. வாசலில் பானகப் பானையருகே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. வெல்லமும் எலுமிச்சையும் தூக்கலாக இருக்கும். அந்த மடத்தில் ஒரு வழக்கம். கொடுப்பவரும் கூடவே ஒரு வாய் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர் டம்ளரை வாயில் வைக்கமாட்டார். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை கோமதிநாயகத்தின் வாயில் பானகம் ஊறிக்கொண்டே இருக்கும்.

பல்லில் காவி ஏறியது. ஓரங்கள் கரைந்தன. முன்பல்லில் கறுப்பு விழுந்தது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசப் பழகிவிட்டார்.

அதுவே வினையாயிற்று. கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டைபோட்டு, பல காலம் பேசாதிருந்த தம்பி சங்கரலிங்கம் போன மாசியில் மடம் தேடி வந்தான். அண்ணன் துண்டை எடுக்கவில்லை, சிரிக்கவுமில்லை. இன்னும் கோபம் ஆறவில்லையென்று நினைத்து, பானகத்தைக்கூடத் தொடாமல் திரும்பிவிட்டான். இப்போது, நாளைக் காலை இன்னொரு தடவை வருகிறேன், இதுதான் கடைசி என்று சொல்லியனுப்பியிருந்தான்.

கோமதிநாயகம் செங்கலை இடித்துப் பொடியாக்கினார். ஒரு வாய் பானகம், உடனே ஒரு தேய்ப்பு. ஈறில் ரத்தம் வந்தது. காற்றுப் பட்டாலே பல் கூசியது. வெள்ளை மட்டும் வரவில்லை. கடைசியில் சாமியிடம் போனார்.

“சாமி, உங்க பல் மாதிரி என் பல்லும் விடியறதுக்குள்ள வெளுக்கணும். தம்பியப் பாத்துச் சிரிக்கணும்.”

சாமி அவரைப் பானையடிக்கு அழைத்துப் போனார். அகப்பை சொட்டிச் சொட்டி, சுண்ணாம்புத் தரையில் காவி படிந்த ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

“இத வெள்ளையாக்குங்க, அண்ணாச்சி.”

கோமதிநாயகம் அங்கேயும் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தார். ஊறிக் கிடந்த சுண்ணாம்பு பொடியோடு கழன்று வந்தது. காவி போயிற்று. குழி பெரிதாகி, அடியில் மண் தெரிந்தது.

“தரை எங்க, அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுச் சாமி போய்விட்டார்.

காலையில் தம்பி வந்தான். அண்ணன் கை தானாகத் துண்டைத் தேடி வாயை மூடியது. தம்பியின் முகம் இறுகியது. ஊற்றி வைத்த பானகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

சாமி வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வாய்க்குள் விரலை விட்டார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் கழற்றி ஒரு காலி டம்ளரில் போட்டார். கலகலவென்று விழுந்தன. அவர் கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

“உங்களுக்கு முந்தி இந்தப் பானைகிட்ட இருந்தவன் நான்தான், அண்ணாச்சி. நானும் செங்கல் இடிச்சேன்.”

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. துண்டு மடியில் விழுந்தது. கறுப்பும் காவியுமாக அத்தனை பல்லும் வெளியே தெரிந்தன.

தம்பி குனிந்து பார்த்தான். “இதுக்காண்ணே மூடிக்கிட்டு இருந்தீங்க? நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்.”

அவன் திரும்ப உட்கார்ந்தான். டம்ளரை எடுத்தான். எடுத்தவன் குடிக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதிநாயகத்துக்குப் பானகத்தைப் பார்க்கும்போதே பல் கூசியது.

“சாமி, நான் ஒரு வாய் குடிச்சாத்தானே இவன் குடிப்பான்?”

சாமி பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, மூலையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கூடக் குடிக்கணும்னுதான் வழக்கம், அண்ணாச்சி. பச்சைத் தண்ணி ஆகாதுன்னு யார் சொன்னா?”

கோமதிநாயகம் செம்பைத் தூக்கினார்.

பல்செட் விஷயம் அந்தப் பசுவுக்கு இன்றுவரை தெரியாது. நான்தான் சொன்னேனென்று நீங்களும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.