நாலு விரல் இடைவெளி

ரொம்பக் காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை, போன ஆடி மாதம் நடந்தது இது. பொள்ளாச்சியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை. ஏறுவதற்கு நன்றாகக் குனிய வேண்டும், இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் பூபதி அதை ஆசை ஆசையாக வாங்கி, போர்டிகோவில் நிறுத்தி, தினமும் இரண்டு தடவை சுற்றி வந்து பார்ப்பார்.

வலப்பக்க இருக்கை பூபதிக்கு. இடப்பக்க இருக்கை அவர் மனைவி துளசிமணிக்கு. அந்த இடப்பக்க இருக்கையின் உச்சியில் இருந்த தலைத்தாங்கிதான் நம் கதாநாயகன். கடைக்காரர்கள் அதை ஹெட்ரெஸ்ட் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான். வருகிற தலையைத் தாங்க வேண்டும்.

ஆனால் தலை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு பூபதி காரை எடுப்பார். ஆழியாறு வரை போய்த் திரும்புவார்கள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, துளசிமணியின் பின்னந்தலைக்கும் தலைத்தாங்கிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் துளசிமணி கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

"கழுத்து இழுத்துப் புடிச்சுக்குச்சுங்க. ரெண்டு நாளைக்குத் திருப்ப முடியாது."

"எல்லாம் அந்த ஹெட்ரெஸ்ட் பண்ற வேலை அம்மிணி. கம்பெனிக்காரன் ஒழுங்கா வெக்கல. நான் பாத்துக்கறேன்," என்பார் பூபதி. அக்கறையாகத்தான் சொல்வார். மனைவிக்கு வலி என்றால் அவருக்கும் சோறு இறங்காது.

இதைக் கேட்டுத் தலைத்தாங்கிக்கு அவமானமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த வலப்பக்கத் தலைத்தாங்கியிடம் கேட்டது.

"அண்ணா, நீயும் நானும் ஒரே அச்சு. ஒரே பஞ்சு, ஒரே தோல். உன்மேல் மட்டும் தலை எப்படிச் சாய்கிறது?"

"என் ஆள் ஏறியதும் ஜம்மென்று சாய்ந்துகொள்கிறார். நான் ஒன்றும் செய்வதில்லை. உன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது. யோசித்துப் பார்," என்றது அண்ணன்.

தலைத்தாங்கி யோசித்தது. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

கோயம்புத்தூர் உக்கடத்தில் அன்வர் பாய் குஷன் கடை வைத்திருக்கிறார். பூபதி காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். பாய் டேப்பால் அளந்தார், விரலால் அமுக்கினார், உறையைப் பிரித்து இன்னும் ஓர் அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தார்.

"அம்மா, ஒரு தடவ உக்காந்து பாத்துச் சொல்லுங்க."

துளசிமணி உட்கார்ந்தார். தலை வந்து மெத்தென்று படிந்தது. ஒரு நிமிடம் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்க பாய்."

தலைத்தாங்கிக்குத் தலைகால் புரியவில்லை. கார் எப்போது கிளம்பும் என்று காத்திருந்தது. கார் கிளம்பியது, ஊரைத் தாண்டியது, தலை எழுந்து முன்னால் போய்விட்டது. பஞ்சு கூடிய அளவுக்குத் தலையும் தள்ளிப் போயிருந்தது. மறுபடியும் அதே நாலு விரல்.

பூபதி மறுபடியும் உக்கடம் போனார். இந்த முறை பாய் பஞ்சைக் குறைத்தார், கம்பியைக் கொஞ்சம் பின்னால் வளைத்தார். கடையில் உட்கார்ந்தபோது துளசிமணி நன்றாகச் சாய்ந்தார். ரோட்டில் போனபோது சாயவில்லை. பாய்க்கே தலை சுற்றியது.

"இருபத்தாறு வருசமா சீட்டுத் தெக்கிறேன் சார். கடையில சரியா இருக்கறது ரோட்டுல எப்படித் தப்பாப் போகும்னு எனக்கு வெளங்கவே இல்ல."

அன்று சாயங்காலம் காருக்குள் ஒரு கூட்டம் நடந்தது. தலைத்தாங்கிதான் கூட்டியது.

"அந்தம்மாவைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருக்கிறது."

சீட் பெல்ட் வெட்கத்தோடு நெளிந்தது. "அந்தம்மா என்னை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். என்மேல் ரொம்பப் பிரியம் என்று நினைக்கிறேன்."

கால்மிதி அழாத குறையாகப் பேசியது. "என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. எதிரில் ஒரு லாரி வந்தால் போதும், வலது காலால் ஓங்கி மிதிக்கிறார். பஸ்ஸை முந்தினால் மிதிக்கிறார். வளைவு வந்தால் மிதிக்கிறார். இந்தப் பக்கம் பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என்னை எதற்கு மிதிக்க வேண்டும்?"

"ஒருவேளை என்மேல் உள்ள கோபத்தை உன்மேல் காட்டுகிறாரோ?" என்றது தலைத்தாங்கி.

"அப்படியானால் நீ மன்னிப்புக் கேட்டுவிடு."

எதற்கு மன்னிப்பு என்று தலைத்தாங்கிக்குத் தெரியவில்லை. மூன்றும் பேசியது ஒரே ஆளைப் பற்றித்தான். ஆனாலும் ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் விழித்தன. மனுசர்கள் மட்டும் இதில் ரொம்ப ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூபதிக்குக் கோயம்புத்தூரில் கண் பரிசோதனை இருந்தது. துளசிமணியும் கூடப் போனார். போகும் வழியில் காரை அன்வர் பாய் கடையில் விட்டார்.

"பாய், சென்னையிலிருந்து புதுப் பஞ்சு வருதுன்னீங்களே, அதை இன்னைக்கு வெச்சுருங்க. அதுவும் சரிப்படலீன்னா இந்த ஹெட்ரெஸ்ட்டே வேண்டாம். கழட்டிப் போட்டுட்டு வேற சீட்டு மாட்டிரலாம்."

கடை மூலையில் கழற்றிப் போட்ட தலைத்தாங்கிகள் குவிந்து கிடந்தன. உறை கிழிந்தவை, கம்பி துருப்பிடித்தவை. ஒன்றுகூடப் பேசவில்லை. நம் தலைத்தாங்கி அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டது. என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, தெரியாமலே போய் அங்கே விழ வேண்டுமா என்று நினைத்துக்கொண்டது.

பாய் பழைய தையலைப் பிரித்தார். கூரியர் வரவில்லை. மத்தியானத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சரி, புதுசு வரும்வரை இருக்கட்டும் என்று கம்பெனியில் வந்த பஞ்சையே அளவு மாறாமல் உள்ளே வைத்துத் தைத்து, கம்பியையும் நிமிர்த்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பூபதியும் துளசிமணியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பூபதியின் கண்ணில் மருந்து ஊற்றியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஹெட்ரெஸ்ட் தைத்து மாட்டியிருந்ததால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார், சாவியும் அவரிடமே இருந்தது; ஆனால் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நான் ஓட்றேனுங்க," என்றார் துளசிமணி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் சின்னக் காரைப் பதினோரு வருசமாக ஓட்டுகிறவர்தான். இந்த மஞ்சள் காரின் ஸ்டீயரிங்கை மட்டும் அதுவரை தொட்டதில்லை.

பூபதி அரை மனதோடு இடப்பக்கம் ஏறினார். கிணத்துக்கடவு வரை சும்மா இருக்கவில்லை. "அந்த லாரிய முந்து அம்மிணி... இந்த வண்டியில போய் இப்படிப் போறியே..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். துளசிமணி சரிங்க சரிங்க என்று சொன்னார், லாரிக்குப் பின்னாலேயே போனார். இடம் கிடைத்தபோது பதறாமல் முந்தினார். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் சத்தம் அடங்கியது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு தலை மெல்ல வந்து தலைத்தாங்கியின் மேல் சாய்ந்தது. முழுக் கனத்தோடு, நம்பிக் கொடுத்த மாதிரி சாய்ந்தது. ஓடுகிற காரில் ஒரு தலையைத் தாங்குவது எப்படி இருக்கும் என்று தலைத்தாங்கிக்கு அன்றுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் எல்லாரையும் கூப்பிட்டது.

"சாய்ந்துவிட்டார்! தூங்குகிறார்!" என்றது.

"என்னைப் பிடிக்கவே இல்லை," என்றது சீட் பெல்ட். அதற்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"என்னை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை," என்றது கால்மிதி.

வலப்பக்கத்து அண்ணன் தயங்கித் தயங்கிப் பேசியது. "ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்மேல் சாயாத அந்தம்மா என்மேல் நன்றாகத்தான் சாய்ந்திருக்கிறார்."

தலைத்தாங்கியின் சந்தோஷம் பாதியில் நின்றது. தனக்குள் இருப்பது பழைய பஞ்சு, நிமிர்த்திய பழைய கம்பி. தன்னிடம் எதுவும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? விடை எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

கார் போர்டிகோவில் நின்றது. பூபதி கண் விழித்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இறங்கக்கூடப் பொறுக்காமல் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அன்வர் பாயைக் கூப்பிட்டார்.

"பாய், அசத்திட்டீங்க போங்க! உக்கடத்துல ஏறுனவன் வீடு வந்துதான் முழிச்சேன். இத்தன நாளா இந்தப் பஞ்ச எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

எதிர்முனையில் பாய் பதறினார்.

"சார்... வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்களா? கூரியர் இன்னும் வரல சார். அதுல இருக்கறது கம்பெனிப் பஞ்சுதான். முதல்ல என்ன இருந்துச்சோ அதேதான்."

"பின்ன நான் எப்படிங்க பாய் தூங்குனேன்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? ஓட்டிட்டுப் போனவங்களக் கேளுங்க."

பூபதி போனை மடியில் வைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மருந்து ஊற்றிய கண்ணுக்கு மனைவியின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. துளசிமணி லாரிக்குப் பின்னாலேயே பதறாமல் ஓட்டியது நினைவுக்கு வந்தது.

"இத்தன நாளும் பயந்துட்டேவா வந்துட்டிருந்த, துளசி? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

துளசிமணி இன்ஜினை அணைத்தார். தலைத்தாங்கியும் மற்றவையும் காதைத் தீட்டிக்கொண்டன.

"மொத வாரமே சொன்னேனுங்க. அத ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. அப்புறந்தான் கழுத்து வலின்னு சொன்னேன்."