கிழவருக்கு முதல் இலை

மலையடிவாரத்து மடத்தில் அன்று குருபூசை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்த சீடர் அனவரதம், சமையல்கட்டுப் பக்கம் நாலைந்து தரம் போய்வந்துவிட்டார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மீசைக்கு முப்பதுதான் இருக்கும், வாராவாரம் மை பூசுவார். குரு உமையம்மைக்கு நாற்பது வயது.

முதல் பந்தியின் முதல் இலை மூத்தவருக்கு என்பது அந்த மடத்து வழக்கம். சமையல் பார்க்கும் தாணுப்பிள்ளை இலையைப் போட்டுவிட்டு, "கிழவரே, வந்து உக்காருங்க" என்று அனவரதத்தைக் கூப்பிட்டார்.

அனவரதத்துக்குச் சுருக்கென்றது. வயிறு போ என்றது, மானம் போகாதே என்றது. பாவம், மானத்தின் பேச்சைக் கேட்டார். நேரே குருவிடம் போய், இத்தனை பேர் நடுவில் என்ன வார்த்தை அது என்று பொருமினார்.

"உரியவர்னு அர்த்தம், ஐயா" என்றார் உமையம்மை.

பழங்காலத்தில் நிலத்துக்கு உரியவனைக் கிழவன் என்பார்களாம், வீட்டுக்கு உரியவளைக் கிழத்தி என்பார்களாம். வயதானவரைச் சொல்ல வந்ததெல்லாம் பிற்பாடுதானாம்.

"அப்போ இந்த மடத்துக்கு நான் உரியவனா அம்மா?"

"அதுல என்ன சந்தேகம்?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. எதிர்ப்பட்டவரிடமெல்லாம், இனி என்னைக் கிழவர் என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார். உப்பு வந்தது, மாங்காய் ஊறுகாய் வந்தது. சாதம் சமையல்கட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நெய் வாசத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது உமையம்மை வந்தார். அனவரதத்தை எழுப்பிவிட்டு, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவரை அந்த இலையில் உட்கார வைத்தார். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கி அனவரதத்தின் கையில் கொடுத்தார்.

"அம்மா, நான்தானே கிழவர்?"

"ஆமா, ஐயா. வந்தவங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர் உக்காரலாமா?"

அனவரதம் வாசலைப் பார்த்தார். சனம் வந்துகொண்டே இருந்தது. வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"இன்னும் எத்தனை பந்தி இருக்கு, அம்மா?"

"அதை நான்ல உங்ககிட்ட கேக்கணும்?"